எல்லைக்கல் இலாகாவின் இடது கையுறை

எல்லைக்கல் இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து பதினோராவது வருடம், 1957 ஏப்ரலில், நல்லதம்பி உதவி அதிகாரி ஆனான். உத்தரவை அவன் இரண்டு முறை படித்தான்.

உத்தரவில் இரண்டு பத்திகள் இருந்தன. முதல் பத்தி அவனை நியமித்தது. இரண்டாவது பத்தி நிபந்தனை. கத்திரி வெயிலில், இலாகாவின் கோல்ஃப் மைதானத்தில், சீஃப் முன்னிலையில் அவன் ஒன்பது குழி ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவனுடைய கையுறையை எடை பார்ப்பார்கள். அதன் பிறகே நியமனம் உறுதியாகும்.

நல்லதம்பிக்குக் கை வியர்க்கும்.

முசிறிப் பள்ளிக்கூடத்தில் அவன் சிலேட்டில் எழுதியது வாத்தியார் வருவதற்குள் அழிந்துவிடும். கல்யாணத்தில் அவன் கையைப் பிடித்த செல்லக்கிளி, யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அலுவலகத்தில் பதினோரு வருடமும் உள்ளங்கைக்கு அடியில் ஒற்றுத்தாள் வைத்தே எழுதினான். பயந்தால் கை வியர்க்கும். வியர்த்தால் பயம் கூடும். இதில் எது முதலில் தொடங்குகிறது என்று அவனுக்கு முப்பத்து மூன்று வயதுவரை தெரியவில்லை.

நிலங்களின் எல்லையில் கல் நடுவது இலாகாவின் வேலை. கோல்ஃப் மைதானம் அதன் முதல் சீஃப் ஏற்படுத்தியது. அவர் வெள்ளைக்காரர். புதுக்கோட்டை சாலையில் ஒரு பொட்டலை வளைத்து ஒன்பது குழிகள் வெட்டினார். புல் முளைக்கவில்லை. குழியைச் சுற்றிப் புல்லுக்குப் பதிலாக மணலில் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றி மட்டப்படுத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் போய்ப் பத்து வருடமாகியும் எண்ணெய் ஊற்றுவது நிற்கவில்லை.

முதல் சீஃப் ஒரு விதிப்புத்தகமும் விட்டுச் சென்றிருந்தார். அதில் ஒரு வரி, கை நனைந்தவனை நம்பக்கூடாது என்றது. மழைநாளில் மட்டை வழுக்கும் என்பதற்காக அவர் அதை எழுதியிருக்கலாம். கேட்க அவர் இல்லை. 1949-இல் அந்த வரியை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கையுறையை எடைபோட வேண்டும் என்று குழு கண்டுபிடித்தது. கால் தோலாவுக்கு, அதாவது ஒரு வெள்ளி ரூபாயின் எடையில் கால் பங்குக்கு மேல் கூடினால் அந்த அதிகாரி பயந்தவர். பயந்தவர் எல்லைக்கல்லைத் தள்ளி நடுவார். ஆகவே அவர் அதிகாரி அல்ல.

நல்லதம்பியின் மேசைக்கு எதிரே, ஜன்னலோரம், லூர்து உட்கார்ந்திருந்தார். நான்கு வருடங்களுக்கு முன் அவர் உதவி அதிகாரியாக மூன்று வாரம் இருந்தவர். அவருடைய கையுறை முக்கால் தோலா கூடியது. மறுநாளே அந்த ஜன்னலோரத் தபால் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவரோடு யாரும் பேசக்கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லை. யாரும் பேசவில்லை. நல்லதம்பியும் பேசியதில்லை.

அன்று லூர்து தானாகக் கேட்டார்.

"எப்ப சார் ஆட்டம்?"

"மே பதினாறு."

"நல்ல வெயிலு." லூர்து ஒரு தபால் தலையை உள்ளங்கையில் ஒற்றி எடுத்து உறையின் மேல் ஒட்டினார். "தண்ணிக் கிண்ணம் குடுத்தாங்க. வேணாம்னு திருப்பிட்டேன். கையே போதும்."

நல்லதம்பி அந்தத் தபால் தலையையே பார்த்தான். அது நன்றாக ஒட்டியிருந்தது.

கிளப்பின் செயலாளர் ஹபீபுல்லா. அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். மிகவும் நல்லவர் என்று பெயர். யாரையும் கடிந்து பேசாமலேயே பலரைத் தபால் பிரிவுக்கு அனுப்பியிருந்தார். நல்லதம்பி போய் நின்றதும் இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு வெள்ளைத் தோல் கையுறைகள் அடுக்கியிருந்தன. பன்னிரண்டும் இடது கைக்கு. பன்னிரண்டும் ஒரே அளவு. முதல் சீஃபின் கை அளவு.

நல்லதம்பி போட்டுப் பார்த்தான். வாழைத்தார் சுமந்து வளர்ந்த கை அது. விரல்கள் பாதிதான் நுழைந்தன.

"இதைவிடப் பெருசு இருக்குங்களா சார்?"

"இலாகாவுல எல்லாருக்கும் இதே அளவுதான்."

"என் கை பெருசுங்க."

"பதவி பெருசா, கை பெருசா?" ஹபீபுல்லா பரிவோடு கேட்டார். பிறகு கையுறையின் அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். நல்லதம்பியின் எலும்பு ஒன்று சத்தம் போட்டது. கையுறை ஏறிவிட்டது. "பாத்தீங்களா? மாஷா அல்லா. போகும்."

கழற்றுவதற்கு இருவர் தேவைப்பட்டார்கள்.

ஹபீபுல்லா நிபந்தனைகளை வாசித்தார். கையுறை சர்க்கார் சொத்து. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. துவைக்க, வெட்ட, பிரிக்க, தைக்கக் கூடாது. ஆட்டம் தொடங்கிவிட்டால் எடை பார்க்கும்வரை கழற்றக் கூடாது. நல்லதம்பி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். கையை எடுத்தபோது தாளில் ஐந்து விரலும் ஈரமாகப் பதிந்திருந்தன.

ஹபீபுல்லா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"தண்ணி குடிச்சேன் சார்."

"கையாலயா?"

"...ஆமா சார். கையாலதான்."

ஹபீபுல்லா பதிவேட்டின் ஓரத்தில் எழுதினார்: 'இவருக்குக் கையால் தண்ணீர் குடிக்கும் பழக்கம் உண்டு.'

நல்லதம்பி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தான். கோல்ஃப் மட்டை வீட்டுக்குத் தரமாட்டார்கள் என்பதால் கொல்லையில் குடையை வைத்துப் பழகினான். மூன்றாவது வீச்சில் குடை கையிலிருந்து நழுவிப் பறந்து, மதில் தாண்டி, அடுத்த வீட்டில் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல் விழுந்தது. அவன் வடகத்தைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் சீஃபின் தலையைப் பார்த்தான்.

"சீஃப்பு எந்தப் பக்கம் நிப்பாரு?" செல்லக்கிளி கேட்டாள்.

"எல்லாப் பக்கமும் அதிகாரிங்க நிப்பாங்க."

"அப்ப யாரு மேலயாவது விழத்தான் செய்யும். சின்ன ஆளா பாத்து விடுங்க."

அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்தான். துடைத்த இடம் நனைந்தது.

"கிளி, என்னையும் லூர்து பக்கத்துல உக்கார வச்சிருவாங்க."

"உக்காந்தா என்னங்க? பதினோரு வருஷம் குமாஸ்தாவாத்தானே இருந்தீங்க?"

"அது வேற. இது ஏறி இறங்குறது. ஏறாதவன்கிட்ட பேசுவாங்க. இறங்குனவன்கிட்ட பேசமாட்டாங்க."

அவனுடைய பயம் அன்று அவளுக்கும் வந்தது. அவளுக்கு வந்தால் அவள் ஏதாவது செய்வாள். அது ஒன்றுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை தெற்கு வாசலுக்குக் காய்கறி வாங்கப் போனவள் வேகமாகத் திரும்பி வந்தாள். பையில் காய்கறி இல்லை. வெள்ளை வெளேரென்று எட்டு நாமக்கட்டிகள் இருந்தன.

"அந்தக் கடைக்காரரு கையைப் பாத்தேங்க. வாழ்நாள் பூரா நாமக்கட்டி எடுத்து எடுத்துக் குடுக்குற கை. பாளம் பாளமா காஞ்சு கிடக்கு. ஒரு பொட்டு ஈரமில்ல."

கட்டிகளை உரலில் இடித்தாள். பழைய சேலைத் துணியில் சலித்தாள். அந்த மாவை அவன் கையில் அப்பித் தேய்த்தாள். இருவரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்தும் கை உலர்ந்திருந்தது. அவன் ஒரு தாளை எடுத்து, ஒற்றுத்தாள் இல்லாமல், தன் பெயரை எழுதினான். மை கலையவில்லை. பிறந்ததிலிருந்து அவன் கை அப்படி உலர்ந்ததில்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கண்ணீர் வந்தது. செல்லக்கிளி அதைக் கையில் விழாமல் துடைத்துவிட்டாள்.

நிழலில், விசிறிக்குப் பக்கத்தில், சும்மா உட்கார்ந்திருந்தபோது செய்த சோதனை அது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

மே பதினாறு காலை பதினொரு மணிக்கு ஆட்டம். நிழல் காலடியில் விழும் நேரமாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். பொட்டலில் கருவேல மரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. தூரத்தில் மலைக்கோட்டை வெயிலில் ஆடியது. ஆறு அதிகாரிகள் தொப்பியோடு வரிசையாக நின்றார்கள். பியூன் ராமர் தபால் தராசில் கையுறையை வைத்தார். மூன்று தோலா. ஹபீபுல்லா குறித்துக்கொண்டார்.

ஒன்றுக்குப் போய்வருவதாகச் சொல்லி நல்லதம்பி ஒரு கருவேல மரத்தின் பின்னால் போனான். சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தான். பாதியைக் கையில் பூசினான். மீதியைக் கையுறைக்குள் கொட்டினான். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே கொட்டிவிட்டான். பல்லால் கடித்து இழுத்துக் கையுறையை மாட்டிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது சீஃப் அடைக்கலராஜ் பேசத் தொடங்கியிருந்தார். பருமனான மனிதர். இரண்டு கையிலும் கையுறை போட்டிருந்தார். சீஃபின் கையுறைகளை எடைபோடுவதில்லை. முந்தைய வருடத்து எடையையே திரும்ப எழுதிக்கொள்வார்கள். முந்தைய வருடமும் அப்படியே.

"நாம யாரு? கல் நடுறவங்க," என்றார் சீஃப். "கல் வேர்க்குமா? வேர்க்காது. குடியானவன் வேர்ப்பான். கூலிக்காரன் வேர்ப்பான். அவங்க உழைக்கறாங்க, வேர்க்கறாங்க. நமக்கு என்ன அவசியம்? ஜனங்க என்னைக் கேக்கறாங்க, சுதந்திரம் வந்து என்ன மாறிச்சுன்னு. நான் பெருமையா சொல்றேன். ஒண்ணும் மாறல. மாறாம பாத்துக்கிட்டோம். வெள்ளைக்காரன் போயிட்டான், கிளவுஸ் போகல. நேத்து அவன் நம்மை எடை போட்டான். இன்னிக்கு நம்மை நாமே எடை போட்டுக்கறோம்."

அதிகாரிகள் கை தட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியது. எத்தனை அடியில் பந்து குழிக்குள் விழுகிறது என்பதை யாரும் எண்ணவில்லை. எடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று 1952-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

முதல் குழியில் கை உலர்ந்திருந்தது. இரண்டாவதிலும். மூன்றாவது குழிக்குப் போகும் வழியில் உள்ளங்கையில் ஏதோ குழைவதை உணர்ந்தான். நான்காவதில் அது சேறாகிவிட்டது. மட்டையை இறுக்கும்போதெல்லாம் விரலிடுக்கில் பிதுங்கி ஏறியது. ஐந்தாவது குழியில் மணிக்கட்டு விளிம்பில் வெள்ளையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டு அதை மறைத்தான். கால் தோலா என்பது எத்தனை சொட்டு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே நடந்தான்.

ஆறாவது குழியில் சீஃப் அவன் பக்கத்தில் வந்து நின்றார். எதையும் பார்க்கக்கூடாது என்று நல்லதம்பி தரையைப் பார்த்தான். தரையில் சீஃபின் பூட்ஸுக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. அவன் கண் தானாக மேலே போனது. சீஃபின் கையுறை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கறீங்க மிஸ்டர் நல்லதம்பி?"

"ஒண்ணுமில்ல சார்."

சீஃப் அவனையே பார்த்தார். இன்னொரு சொட்டு விழுந்தது. எண்ணெய் மணலில் அது உருண்டு நின்றது.

"மழை வரும்போல இருக்கு," என்றார் சீஃப்.

நல்லதம்பி வானத்தைப் பார்த்தான். ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை.

"ஆமா சார். தூறுது."

"நல்ல பார்வை உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு சீஃப் நகர்ந்தார். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று நல்லதம்பிக்குத் தெரியவில்லை.

எட்டாவது குழிக்கருகே முதல் சீஃப் நட்ட கல் இருந்தது. அதற்கு முன்னால் இடது கையில் மட்டையைப் பிடித்து நேராக நீட்டியபடி உறுதிமொழி எடுக்க வேண்டும். உறுதிமொழி ஒரு வரிதான். ஆனால் முதல் சீஃப் சிகரெட் பிடித்து முடிக்கும்வரை எல்லாரும் அப்படியே நிற்பது வழக்கமாம். இப்போதைய சீஃப் சிகரெட் பிடிப்பதில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்த்துக் கால் மணி நேரம் நிற்கவைத்தார்கள். உச்சி வெயில் நீட்டிய கையின் மேல் விழுந்தது. நல்லதம்பி முதலில் சூட்டை உணர்ந்தான். பிறகு இறுக்கத்தை. நனைந்த தோல் சுருங்கியது. உள்ளேயிருந்த சேறு காய்ந்தது. கால் மணி நேரம் முடிந்தபோது அவனால் விரல்களைப் பிரிக்க முடியவில்லை.

ஒன்பதாவது குழியை எப்படி ஆடினான் என்று அவனுக்கு நினைவில்லை.

தராசின் முன்னால் கையை நீட்டினான். ராமர் கையிலிருந்த மட்டையைத் தட்டித் தட்டி உருவினார். கையுறையை உருவ முடியவில்லை. இன்னும் இரண்டு அதிகாரிகள் வந்து இழுத்தார்கள். நல்லதம்பி முழுவதுமாக முன்னால் நகர்ந்தான். கையுறை அசையவில்லை. ராமர் விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தார். டக் டக்கென்றது.

"கல்லா இருக்குங்க," என்றார் ராமர்.

சீஃப் முகம் மலர்ந்தது. "என்ன சொன்னே?"

"கல்லு மாதிரி இருக்குதுங்க எசமான்."

"கத்திரி வச்சு வெட்டிடலாமா?" என்று ஓர் அதிகாரி கேட்டார்.

"சர்க்கார் சொத்து," என்றார் ஹபீபுல்லா. "கழிக்கணும்னா முதல்ல எடை பாக்கணும். எடை பாக்காத சொத்தைக் கழிக்க முடியாது."

"எடை பாக்கணும்னா கழட்டணுமே."

"ஆமா. கழட்டணும்னா வெட்டணும். வெட்டணும்னா கழிக்கணும்." ஹபீபுல்லா தன் வாக்கியத்தின் அழகில் சற்று நேரம் நின்றார். "அதனால கையோட எடை போடுறதுதான் முறை."

கிளப் சமையற்கட்டிலிருந்து பெரிய தராசு வந்தது. நல்லதம்பி முழங்கைவரை தட்டில் வைத்தான். அழுத்தாமலும் தூக்காமலும் வைக்கச் சொன்னார்கள். எந்த நோக்கமும் இல்லாமல் வைக்கச் சொன்னார்கள். தட்டு மேலும் கீழும் ஆடியது. இரண்டே கால் ராத்தல் என்று ராமர் சொன்னார்.

இதில் வெறுங்கையின் எடையைக் கழிக்க வேண்டும். நல்லதம்பியின் வெறுங்கை எடை யாரிடமும் இல்லை. இலாகாவில் எல்லாருக்கும் ஒரே அளவு என்பதால் யாருடைய கையும் செல்லும் என்று சீஃப் தீர்ப்பளித்தார். ஹபீபுல்லா சட்டையை மடித்துவிட்டுத் தன் கையை வைத்தார். இரண்டரை ராத்தல்.

ஹபீபுல்லா தாளில் மூன்று முறை கணக்குப் போட்டார். மூன்று முறையும் நல்லதம்பியின் வியர்வை பூஜ்யத்துக்குக் கீழே கால் ராத்தல் வந்தது. கையுறையின் மூன்று தோலாவையும் கழித்தால் இன்னும் கீழே போனது.

"இலாகா சரித்திரத்துல இப்படி ஒரு கை வந்ததில்ல," என்றார் சீஃப் மெல்லிய குரலில். "சென்னைக்கு எழுதுங்க."

பதில் வரும்வரை கையுறை சாட்சி. ஆகவே அதைக் கழற்றக்கூடாது. மணிக்கட்டுப் பொத்தானின் மேல் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். சூட்டில் நல்லதம்பி கத்தினான். கையில் உணர்ச்சி இருப்பதாக ஹபீபுல்லா குறித்துக்கொண்டார்.

மே போனது. ஜூன், ஜூலை போயின. இடது கை என்பதால் சாப்பாட்டுக்குத் தொந்தரவு இல்லை. மற்றதற்குத்தான். செல்லக்கிளி ஒரு சொல் சொல்லாமல் எல்லாவற்றுக்கும் உதவினாள். டவுன் பஸ்ஸில், கையுறையின் வாடையால், அவன் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. மட்டையைப் பிடித்த வாக்கில் மடங்கிய விரல்கள் அப்படியே நின்றன. பார்ப்பவர்களுக்கு, அவன் எதையோ பிடித்திருந்து அது காணாமல் போய்விட்டது போலிருந்தது.

தினமும் மாலை ஆறு மணிக்கு ராமர் சைக்கிளில் ஸ்ரீரங்கம் வந்து முத்திரையைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிப் போனார்.

"வலிக்குதுங்களா?" என்று முதல் மாதம் கேட்டார்.

"வலிக்குது."

இரண்டாவது மாதம் கேட்டபோது நல்லதம்பி யோசித்துவிட்டு, "இல்ல," என்றான். ராமர் அதன் பிறகு கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. அலுவலகம் முழுவதையும் கூட்டி வைத்து சீஃப் வாசித்தார். உதவி அதிகாரி நல்லதம்பியின் நியமனம், மேற்படி கையுறை மேற்படி கையில் இருக்கும் காலம்வரை, உறுதி செய்யப்படுகிறது. கையுறை எப்போது கழன்றாலும் எடை பார்க்கப்பட்டு, நியமனம் மறுபரிசீலனை செய்யப்படும்.

"இவரைப் பாருங்க," என்றார் சீஃப். அவன் கையைத் தூக்கிக் காட்டினார். "இவருக்கு வேர்க்கலைன்னு நான் சொல்லல. வேர்த்துச்சுன்னு யாராலயும் காட்ட முடியாது. நமக்கு வேண்டியது அதுதான். இந்தக் கை இனிமே இவரோடது இல்ல. இலாகாவோடது."

எல்லாரும் வந்து அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு லூர்து வந்தார். அவர் தொடவில்லை.

"கழட்டிருங்க சார்," என்றார் தணிந்த குரலில். "என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு. காத்து வரும்."

நல்லதம்பி சுற்றிலும் பார்த்தான். ஹபீபுல்லா கதவருகே நின்று அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். நல்லதம்பி தன் அறைக்குப் போனான். லூர்து பின்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கிணற்றடியில் செல்லக்கிளி அவனுக்குத் தண்ணீர் ஊற்றினாள். இடது கையை வழக்கம்போல் வெளியே நீட்டியிருந்தான். சோப்பு நுரை வழிந்து அந்தப் பக்கம் போய்விடக் கூடாது என்று கையைச் சற்றுத் தாழ்த்தினான். கையுறை கழன்று கல்லின் மேல் விழுந்தது.

முத்திரை உடையவில்லை. பொத்தான் பிரியவில்லை. கை மெலிந்துவிட்டிருந்தது.

இருவரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். வெள்ளையாக, சுருங்கி, நகம் வளைந்து, பிறந்த குழந்தையின் கைபோல் மடங்கியிருந்தது. நாமக்கட்டி மாவு ரேகைகளில் படிந்திருந்தது. செல்லக்கிளி செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க இது," என்றாள். "போதுங்க. போதும். வெந்நீர் வைக்கறேன். எண்ணெய் போட்டு நீவி விட்டா சரியாயிடும். நாளைக்கு அந்தத் தபால் பிரிவுக்கே போங்க. பேசலைன்னா போறாங்க. நான் பேசறேன்."

அவன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணி என்ன?"

"அஞ்சரை தாண்டிருச்சு."

"ஆறு மணிக்கு ராமர் வந்துருவாரு."

"வரட்டுமே. பாக்கட்டும்."

"ஊசி நூல் எடுத்துட்டு வா."

"என்னங்க..."

"கிளி, சொன்னாக் கேளு. எடுத்துட்டு வா."

அவன் குனிந்து கையுறையை எடுத்தான். வாய்க்குள் சின்னதாக ஏதோ சொல்லிக்கொண்டே கையை அதற்குள் நுழைத்தான். இப்போது இழுக்க யாரும் தேவைப்படவில்லை. கையைத் தாழ்த்தினான். கையுறை நழுவியது. வலது கையால் பிடித்துக்கொண்டான். தெருவில் சைக்கிள் மணி ஒன்று கேட்டது. மணி கடந்து போயிற்று.

செல்லக்கிளி ஊசியோடு வந்தாள். நூல் கோக்க அவளுக்கு மூன்று தடவை ஆயிற்று.

"மணிக்கட்டுல ரெண்டு விரக்கடை பிடிச்சுத் தை. வெளியில தெரியக்கூடாது. முத்திரையில படாம தை."

அவள் தைத்தாள். காய்ந்த தோலில் ஊசி ஏறவில்லை. பலம் கொடுத்து அழுத்தினாள். சட்டென்று உள்ளே போயிற்று. பயந்துபோய் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கையில குத்திட்டேனாங்க?"

அவன் சிறிது நேரம் கவனித்துப் பார்த்தான்.

"தெரியல," என்றான். "நீ தை."